வியர்வைக்கு விலை கேட்டவர்

2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு மத்திய அரசு 40% வரி விதித்தது. அக்டோபரில் டன்னுக்கு 800 டாலர் என்று குறைந்தபட்ச ஏற்றுமதி விலையை நிர்ணயித்தது. அதுவும் போதாதென்று டிசம்பரில் ஏற்றுமதியையே தடை செய்தது. 2024 மே மாதம், மக்களவைத் தேர்தலின் நடுவே, தடை விலகியது. அந்த இடத்தில் 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40% வரியும் வந்து அமர்ந்தன. செப்டம்பரில் குறைந்தபட்ச விலை நீக்கப்பட்டு, வரி 20% ஆனது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த வரியும் இல்லை. இருபது மாதங்களில் ஒரே பயிருக்கு ஆறு முறை விதி மாறியிருக்கிறது.

வெங்காயம் நாற்றுவிட்டு, நடவு செய்து, அறுவடைக்கு வர நான்கைந்து மாதங்கள் ஆகும். ஆக, நடும்போது இருந்த விதி அறுவடையின்போது இருக்கும் என்று எந்த விவசாயியும் நம்ப முடியாத நிலை. தடை நீங்கிவிட்டால் விலை தானாக ஏறிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. அடிக்கடி கதவைச் சாத்தும் கடையை வாடிக்கையாளர் நெடுநாள் நம்பியிருக்க மாட்டார். வெளிநாட்டு இறக்குமதியாளர்களும் வேறு நாடுகளைத் தேடிப் போய்விடுகின்றனர். பெரம்பலூர், திண்டுக்கல் பகுதிகளில் விளையும் சின்ன வெங்காயமும் இதே விதிகளில் சிக்கிக்கொள்கிறது. அதற்குத் தனி ஏற்றுமதிக் குறியீடு வேண்டும் என்று தமிழக விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர்.

2024 தேர்தலில் நாசிக் மாவட்டத்தின் திண்டோரி தொகுதியில் மத்திய இணையமைச்சர் பாரதி பவார் தோற்றார். வெங்காய விவசாயிகளின் கோபமும் அதற்கு ஒரு காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. தேர்தல் தோல்விகள் விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தலாம். விதிகளுக்கு அடியில் இருக்கும் கொள்கையை அவை தொட்டதில்லை. அந்தக் கொள்கையையே கேள்விக்கு உட்படுத்திய ஒருவர், இதே மகாராஷ்டிரத்தில், இதே வெங்காயத்தை முன்வைத்து, ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு சாலையில் அமர்ந்தார். அவர் பெயர் சரத் ஜோஷி.

2015 டிசம்பர் 12-இல் தமது 80-ஆவது வயதில் புணேயில் அவர் காலமானபோது தமிழ்நாட்டில் அது சிறு செய்தியாகவே கடந்து போனது. அவருடைய முடிவுகள் அனைத்தையும் ஏற்பவன் அல்லன் நான். ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், அவர் எழுப்பிய கேள்வியை வகுப்பறையில் நான் எழுப்பியதில்லை என்ற உறுத்தல் எனக்கு உண்டு. வேளாண் விளைபொருள் விலையை நாங்கள் பணவீக்கம் என்ற தலைப்பின் கீழ்தான் நடத்தினோம். விளைவிப்பவரின் வருமானம் என்ற தலைப்பு பாடத்திட்டத்தில் எங்கோ பின்னால், தேர்வுக்கு வராத பகுதியில் இருந்தது.

அதிகாரி விவசாயியான கதை

1935 செப்டம்பர் 3-இல் சதாராவில் பிறந்தவர் ஜோஷி. மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் வணிகவியல் முதுகலை முடித்து, கோலாப்பூரில் சிறிது காலம் விரிவுரையாளராகப் பணியாற்றி, பின் இந்திய அஞ்சல் பணியில் சேர்ந்தார். 1968 முதல் சுமார் பத்தாண்டுகள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்பான சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தில் அதிகாரி. பிறப்பால் பிராமணர், நிலத்தில் கால் பதித்த குடும்பப் பின்னணி இல்லை. ஓய்வுபெறும் வரை சுகமாக இருந்திருக்கலாம்.

அந்த வேலையை விட்டுவிட்டு 1970-களின் பிற்பகுதியில் நாடு திரும்பி, புணேவுக்கு வடக்கே சாகண் அருகிலுள்ள அம்பேடாண் கிராமத்தில் மானாவாரி நிலம் வாங்கினார். ஏழை நாடுகள் ஏழைகளாகவே இருப்பது ஏன் என்ற கேள்விக்கு அறிக்கைகளில் விடை கிடைக்கவில்லை; நிலத்தில் கிடைக்கும் என்று நினைத்தார். கணக்கு எழுதிப் பழகியவர் என்பதால் தம் வயலுக்கும் கணக்கு எழுதினார். எந்தப் பயிரை எப்படிச் செய்தாலும் கணக்கு நட்டத்திலேயே முடிந்தது. அயலாரின் கணக்குகளும் அப்படியே இருந்தன.

மகாராஷ்டிரச் சந்தைகளில் 'உல்ட்டி பட்டி' என்று ஒரு வழக்கு உண்டு. 'பட்டி' என்பது விற்றுமுதலுக்கு மண்டிக்காரர் தரும் சீட்டு. வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, எடைக்கூலி, தரகு எல்லாம் கழித்த பிறகு, விவசாயிக்குச் சேர வேண்டிய தொகைக்குப் பதிலாக விவசாயி மண்டிக்குத் தர வேண்டிய பாக்கி அந்தச் சீட்டில் எழுதப்பட்டிருந்தால் அது உல்ட்டி பட்டி, தலைகீழ்ச் சீட்டு. விளைவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தவரே கடன்காரராகத் திரும்புகிறார். கடனை அவர் திருப்பிக் கட்டாததற்குச் சோம்பல், குடி, திருமணச் செலவு என்று எத்தனையோ காரணங்களை நகரத்தார் சொல்வதுண்டு. அந்தச் சீட்டைப் பார்த்த எவரும் அப்படிச் சொல்லத் தயங்குவர்.

சாகண் வெங்காயச் சந்தை. ஏற்றுமதி தடுக்கப்பட்டதும் அங்கு விலை சரிந்தது. ஜோஷியின் முதல் போராட்டம் அங்குதான் உருவானது. 1979-இல் 'ஷேத்கரி சங்கடனா' என்ற விவசாயிகள் அமைப்பு பிறந்தது. 1980-இல் நாசிக் பகுதியில் கரும்புக்கு டன்னுக்கு 300 ரூபாயும், வெங்காயத்துக்குக் கட்டுப்படியாகும் விலையும் கேட்டு ஆயிரக்கணக்கானோர் மும்பை-ஆக்ரா நெடுஞ்சாலையிலும் தண்டவாளங்களிலும் அமர்ந்தனர். 1981-இல் கர்நாடக எல்லையில் உள்ள நிபாணியில் புகையிலை விவசாயிகள் புணே-பெங்களூர் நெடுஞ்சாலையில் வாரக்கணக்கில் கூடியிருந்தனர். ஏப்ரல் 6-இல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் மாண்டனர்.

ஒற்றைக் கோரிக்கை

அவருடைய இயக்கத்தின் முழக்கம் எளிமையானது: பிச்சை வேண்டாம், வியர்வைக்கு விலை வேண்டும். இதன் பின்னால் இருந்த வாதத்தை ஒரு பொருளியல் மாணவனுக்குச் சொல்வது போலச் சுருக்கிச் சொல்லலாம்.

தொழில்மயமாக முனையும் நாட்டுக்கு மூலதனம் வேண்டும். அதை எங்கிருந்து திரட்டுவது? உணவின் விலையைத் தாழ்த்தி வைத்தால் ஆலைத் தொழிலாளியின் கூலியைத் தாழ்த்தி வைக்கலாம். பருத்தி, கரும்பு, புகையிலை விலைகளைத் தாழ்த்தி வைத்தால் மூலப்பொருள் மலிவாகக் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து ஆலையின் லாபமாகும். சோவியத் ஒன்றியத்தில் 1920-களில் பிரியோபிரஷென்ஸ்கி இதை வெளிப்படையாகவே ஒரு கோட்பாடாக எழுதினார். இந்தியாவில் யாரும் அப்படி எழுதவில்லை. ஆனால் லெவி, மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லத் தடை, இருப்பு வரம்பு, ஏற்றுமதித் தடை ஆகியவற்றின் வழியே அதுவே நடந்தது என்றார் ஜோஷி. இந்த ஏற்பாட்டால் பயன்பெறும் தேசத்தை 'இந்தியா' என்றும், அதற்கு விலை கொடுக்கும் தேசத்தை 'பாரதம்' என்றும் அவர் பிரித்துப் பேசினார். இன்று அரசியல் மேடைகளில் வேறு பொருளில் புழங்கும் இவ்விரு சொற்களும் அவர் வாயில் பொருளியல் சொற்களாக இருந்தன.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. ஒன்று, விவசாயியின் வறுமை இயற்கையாலோ அறியாமையாலோ வந்ததன்று, கொள்கையால் வந்தது. மற்றொன்று, மானியம், கடன் தள்ளுபடி, சலுகை ஆகியவை எடுத்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் செயல்கள். அவற்றுக்காக விவசாயி கைகூப்ப வேண்டியதில்லை.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுடன் ஓர் ஒப்பீடு பொருந்தும். ஜோஷிக்கு முன்பே, 1970-களின் தொடக்கத்திலேயே, கோவை வையம்பாளையத்தைச் சேர்ந்த சி.நாராயணசாமி நாயுடு மாபெரும் விவசாயிகள் இயக்கத்தைக் கட்டியெழுப்பியிருந்தார். 1980-இல் ஹைதராபாதில் அகில இந்திய அளவில் விவசாயிகள் சங்கம் அமைக்கப்பட்டபோது அதன் தலைமை அவரிடமே வந்தது. கிணற்றுப் பாசனத்தை நம்பிய கொங்கு மண்டலத்தில் அவருடைய போராட்டங்களில் மின்கட்டணமும் கடனும் முன்னின்றன. அவர் 1984 டிசம்பரில் மறைந்தார். பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் படிப்படியாக வந்து, 1990-களின் தொடக்கத்துக்குள் அனைத்து விவசாயிகளுக்கும் உரியதாயிற்று. நமக்கு இடுபொருள் மலிவாயிற்று. விளைபொருளின் விலையைப் பற்றிய விவாதம் பின்னுக்குப் போயிற்று. ஜோஷி அந்த விவாதத்தை விடவே இல்லை.

இருவேறு நூல்கள்

1977-இல், ஜோஷி நாடு திரும்பிய காலத்தில், இரண்டு முக்கியமான நூல்கள் வெளிவந்தன. மைக்கேல் லிப்டன் எழுதிய நூல், ஏழை நாடுகளில் அடிப்படை முரண் நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையிலானது என்றது. நம் நாட்டின் தலைசிறந்த பொருளியலாளர்களுள் ஒருவரும், பின்னாளில் மேற்கு வங்க நிதியமைச்சருமான அசோக் மித்ரா எழுதிய நூல் இதற்கு நேர்மாறானது. வேளாண்மைக்கும் தொழில்துறைக்கும் இடையிலான வணிக வீதம் வேளாண்மைக்குச் சாதகமாகத் திரும்பிவிட்டது. அதன் பலனைச் சந்தையில் விற்க உபரி வைத்திருக்கும் பெருவிவசாயிகளே அள்ளுகின்றனர். தானியத்தை விலைக்கு வாங்கி உண்ணும் கூலித் தொழிலாளியும் சிறுவிவசாயியும் நசுங்குகின்றனர் என்பது அவர் வாதம். அசோக் மித்ரா வேளாண் விலைக் குழுவின் தலைவராகப் பணியாற்றியவர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆய்வு மாணவனாக இருந்த நாள்களில் நான் மித்ராவின் பக்கம் நின்றேன். என்னோடு படித்த பலரும் அப்படியே. ஜோஷியின் இயக்கத்தை 'குலக்குகளின் இயக்கம்', அதாவது பணக்கார விவசாயிகளின் இயக்கம் என்று ஒரே சொல்லில் கடந்து போவது அன்று எளிதாக இருந்தது. அந்த விமர்சனத்தில் பாதி உண்மை இருக்கிறது என்றே இன்றும் கருதுகிறேன். 2018-19-ஆம் ஆண்டுக்கான தேசிய மாதிரி ஆய்வின்படி ஒரு வேளாண் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிர்ச் சாகுபடியில் இருந்து வருவது 3,798 ரூபாய். கூலியாகவும் சம்பளமாகவும் வருவது 4,063 ரூபாய். நிலம் வைத்திருக்கும் குடும்பமே பயிரைவிடக் கூலியால் அதிகம் சம்பாதிக்கிறது என்றால், விலை ஒன்று மட்டும் கிராமத்தை மீட்டுவிடும் என்பது எப்படிப் பொருந்தும்?

'விவசாயிக்கு விலை கிடைத்தால்தான் தொழிலாளிக்குக் கூலி கிடைக்கும்' என்பது ஜோஷியின் பதில். இதிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. விலை வீழ்ந்த ஆண்டில் அறுவடைக்கு ஆள் வைக்காமல் உழுதுவிடும் வயல்களை நாம் பார்க்கிறோம். அப்போது முதலில் வேலை இழப்பவர் கூலித் தொழிலாளி. ஆனால், விலை ஏறிய ஆண்டில் கூலி தானாக ஏறுவதில்லை. அதற்கு வேறு பேரம், வேறு அமைப்பு தேவை. நிலமற்ற தலித் தொழிலாளர்களின் தனிக் குரலுக்கு ஜோஷியின் இயக்கத்தில் போதிய இடம் இருக்கவில்லை.

சாந்த்வட்டில் கூடிய பெண்கள்

ஆனால், ஓர் இடத்தில் அவர் மற்ற எல்லா விவசாயத் தலைவர்களையும்விட வெகுதூரம் முன்னே சென்றார். 1986 நவம்பரில் நாசிக் மாவட்டம் சாந்த்வட்டில் அவருடைய இயக்கம் கூட்டிய பெண்கள் மாநாட்டுக்கு லட்சக்கணக்கில் கிராமப் பெண்கள் வந்தனர். களையெடுப்பதில் தொடங்கி விதை காப்பது வரை வேளாண்மையில் பெரும் உழைப்பு பெண்களுடையது. பட்டாவில் மட்டும் அவர்கள் பெயர் இல்லை என்பது அங்கே பேசுபொருளாயிற்று. 1989-இல் ஜல்காவ் மாவட்டத்தின் விட்நேர் கிராமத்தில் முழுவதும் பெண்களே உறுப்பினர்களான ஊராட்சி அமைந்தது. உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் வழங்கிய 73-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993-இல்தான்.

அடுத்து வந்தது 'லட்சுமி முக்தி' திட்டம். கணவர் தம் நிலத்தின் ஒரு பகுதியை மனைவியின் பெயருக்கு எழுதித் தர வேண்டும். ஒரு கிராமத்தில் நூறு குடும்பங்கள் அப்படிச் செய்தால் ஜோஷி அந்த ஊருக்கு நேரில் வருவார். சட்டமோ, மானியமோ, அரசாணையோ இல்லாமல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதைச் செய்தன. வியர்வைக்கு விலை கேட்பவர் தம் வீட்டில் சிந்தப்படும் வியர்வைக்கு என்ன தருகிறார் என்று விவசாயியிடமே அவர் திருப்பிக் கேட்டார். கெயில் ஓம்வெத் போன்ற சமூகவியலாளர்கள் இடதுசாரி நண்பர்களின் கண்டனத்தையும் மீறி இவ்வியக்கத்தை ஆதரித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படியும் நாட்டில் பெண்கள் நடத்தும் பண்ணைகளின் பங்கு ஏறக்குறைய 14% மட்டுமே என்பதை வைத்துப் பார்த்தால் அம்முயற்சியின் அருமை விளங்கும்.

இதே ஜோஷிதான் 2010 மார்ச் 9-இல் மாநிலங்களவையில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவை எதிர்த்து வாக்களித்த ஒரே உறுப்பினர். ஆதரவு 186, எதிர்ப்பு 1. ஒவ்வொரு தேர்தலிலும் தொகுதிகளைச் சுழற்சி முறையில் மாற்றினால், தொகுதியை வளர்க்கும் பெண் உறுப்பினர் மீண்டும் அங்கே நிற்க முடியாது என்பது அவருடைய ஆட்சேபம். அந்த ஆட்சேபத்தில் பொருள் உண்டு. ஆனாலும், சாந்த்வட்டில் கூடிய பெண்களுக்கு அந்த ஒற்றை வாக்கை விளக்குவது அவருக்கு எளிதாக இருந்திருக்காது.

பிரிந்த பாதைகள்

1988 அக்டோபரில் மகேந்திர சிங் டிகாயத் தில்லியின் போட் கிளப் மைதானத்தில் லட்சக்கணக்கான விவசாயிகளுடன் ஒரு வாரம் அமர்ந்து தலைநகரைத் திகைக்க வைத்தார். அடுத்த ஆண்டு அக்டோபர் 2-இல் அதே இடத்தில் டிகாயத்தும் ஜோஷியும் ஒரே மேடையில் நிற்பதாக ஏற்பாடு. நாட்டின் விவசாய இயக்கங்கள் ஒன்றாகும் நாளாக அது இருந்திருக்க வேண்டும். மேடையிலேயே குழப்பமும் மோதலும் வெடித்து, இருவரும் பிரிந்தனர்.

இதைத் தனிமனித அகந்தை என்று சுருக்கிவிடக் கூடாது. டிகாயத்தின் வலிமை சாதிப் பஞ்சாயத்து, குலம், ஹுக்கா சுற்றிய கூட்டம். கோதுமையும் கரும்பும் விளையும், கொள்முதலும் பாசனமும் உள்ள மண்டலம் அவருடையது. அங்கு அரசு விலகினால் இழப்பு. ஜோஷியின் மண்டலம் மானாவாரி. பருத்தி, வெங்காயம் போன்ற பணப்பயிர்கள். அங்கு அரசு தலையிடும்போதெல்லாம் இழப்பு. மகாராஷ்டிரத்தில் 1972 முதல் பருத்திக்கு அரசின் ஏகபோகக் கொள்முதல் இருந்தது. அண்டை மாநிலத்தில் கூடுதல் விலை கிடைத்தாலும் எல்லை தாண்டிக் கொண்டுபோனால் குற்றம். ஆகவே, ஒருவருக்கு அரசு காவலர். மற்றவருக்கு அரசு சிறைக்காவலர். இரண்டும் அவரவர் அனுபவத்தில் உண்மை.

1990-இல் வி.பி.சிங் அரசு ஜோஷியை, அமைச்சர் தகுதியுடன், வேளாண்மைக்கான நிலையான ஆலோசனைக் குழுவின் தலைவராக்கியது. அதன் பின் தாராளமயம் வந்தது. டங்கல் வரைவு வந்தது. கர்நாடகத்தின் எம்.டி.நஞ்சுண்டசாமி அதைக் கடுமையாக எதிர்த்தார். ஜோஷி வரவேற்றார். இந்திய விவசாயிக்கு அரசு தருவதைவிட அரசு பறிப்பதே அதிகம் என்று அதுவரை அவர் சொல்லி வந்ததற்கு, உலக வர்த்தக அமைப்பில் இந்தியா அளித்த கணக்கே சான்றாக அமைந்தது. அடிப்படை ஆண்டுகளான 1986-88-க்கு, பயிர்வாரி ஆதரவுத் தொகை எதிர்மறை எண்ணாக இருந்தது. 2018-இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு வெளியிட்ட ஆய்வும் 2000-01 முதல் 2016-17 வரை இந்திய விவசாயிகளுக்குக் கிடைத்த நிகர ஆதரவு, மொத்தப் பண்ணை வரவில் சராசரியாக மைனஸ் 14% என்றது. உரம், மின்சாரம், கடன் தள்ளுபடி எல்லாவற்றையும் கூட்டிய பிறகும் கணக்கு மைனஸில் நிற்கிறது.

நோயை ஜோஷி சரியாகக் கண்டறிந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால், அவர் எழுதித் தந்த மருந்து வேறு விஷயம். உலகச் சந்தை திறந்தால் நியாய விலை வரும் என்று அவர் நம்பினார். 1990-களின் பிற்பகுதியில் உலகப் பருத்தி விலை சரிந்தது. அமெரிக்க அரசு தன் பருத்தி விவசாயிகளுக்கு அள்ளித் தந்த மானியமும் அச்சரிவுக்கு ஒரு காரணம். அவருடைய இயக்கம் வேரூன்றியிருந்த விதர்பாவே தற்கொலைகளின் மண்டலமாகப் பெயர் பெற்றது. தில்லியின் தலையீடு நீங்கினாலும் வாஷிங்டனின் தலையீடு நீங்குவதில்லை என்பதை அவருடைய கோட்பாடு போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை.

அரசியலிலும் அவர் தோற்றார். 1994-இல் தொடங்கிய 'சுதந்திர பாரதப் பக்ஷம்' தேர்தல்களில் எழவே இல்லை. சாலையில் அவருக்காக அமர்ந்த விவசாயி, வாக்குச் சாவடியில் சாதியையும் கட்சியையும் பார்த்தார். 2004-இல் பாஜக-சிவசேனை ஆதரவுடன் அவர் மாநிலங்களவைக்குச் சென்றார். அந்த ஆண்டிலேயே ராஜு ஷெட்டி பிரிந்துபோய்த் தனி அமைப்பு கண்டார். 2009-இல் ஹாத்கணங்கலேயில் வென்று மக்களவைக்கும் சென்றார்.

2020 செப்டம்பரின் இரண்டு நாள்கள்

ஜோஷி மறைந்து ஐந்தாண்டுகளுக்குப் பின் மூன்று வேளாண் சட்டங்கள் வந்தன. 1989-இல் மேடையில் பிரிந்த அதே இரு பாதைகள் மீண்டும் கண்முன் வந்தன. டிகாயத்தின் மகன் ராகேஷ் டிகாயத் காஜிப்பூர் எல்லையில் அமர்ந்து எதிர்த்தார். ஜோஷியின் அமைப்புக்குத் தலைமை வகித்த அனில் கன்வட் சட்டங்களை ஆதரித்தார். 2021 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அமைத்த நால்வர் குழுவில் கன்வட்டும், ஜோஷியின் பழைய தோழரான பஞ்சாபின் பூபிந்தர் சிங் மானும் இடம்பெற்றனர். மான் உடனே விலகிக்கொண்டார். அந்த ஆண்டு நவம்பரில் சட்டங்களே திரும்பப் பெறப்பட்டன.

பஞ்சாப் விவசாயிகள் அரசின் வாக்குறுதியை ஏன் நம்பவில்லை என்று அப்போது பலர் வியந்தனர். ஒரு தேதியைப் பார்த்தால் வியப்பு அடங்கும். விளைபொருள்களை இருப்பு வரம்பிலிருந்து பெருமளவு விடுவிக்கும் அத்தியாவசியப் பொருள்கள் திருத்த மசோதாவை மக்களவை நிறைவேற்றியது 2020 செப்டம்பர் 15-இல். அதற்கு முந்தைய நாள், செப்டம்பர் 14-இல், வெங்காய ஏற்றுமதியை அரசு தடை செய்திருந்தது. அக்டோபரில் வெங்காயத்துக்கு இருப்பு வரம்பும் வந்துவிட்டது. விவசாயிக்குச் சந்தைச் சுதந்திரம் தருவதாகச் சொன்ன அதே வாரத்தில், விலை ஏறியவுடன் அந்தச் சுதந்திரம் பறிக்கப்பட்டது. சட்டங்களை எதிர்த்தவர்களைவிட அவற்றை ஆதரித்த ஜோஷியின் வாரிசுகளுக்கே இது பெரிய அடி என்பேன்.

சந்தை விலை இறங்கும்போது 'இது சந்தையின் நியதி' என்று கைவிரிப்பதும், ஏறும்போது 'நுகர்வோர் நலன்' என்று தலையிடுவதும் எந்தப் பொருளியல் பள்ளியின் கொள்கையும் அன்று. வலதுசாரிப் பொருளியலும் இதை ஏற்காது. இடதுசாரிப் பொருளியலும் ஏற்காது. கட்சி வேறுபாடின்றி எல்லா மத்திய அரசுகளும் பின்பற்றி வரும் கொள்கை இதுதான்.

எஞ்சியிருக்கும் கணக்கு

நுகர்வோர் பக்கத்தையும் நான் மறக்கவில்லை. வெங்காய விலை ஏறும்போது வாடும் ஏழைக் குடும்பங்கள் உண்மையிலேயே உண்டு. ஆனால், 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் வெங்காயத்தின் எடை வெறும் 0.64%. வெங்காயத்துக்கு நுகர்வோர் தரும் ஒரு ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது 36 காசு என்கிறது 2024-இல் வெளியான ரிசர்வ் வங்கி ஆய்வறிக்கை. மீதி 64 காசில் கைவைக்காமல் அந்த 36 காசில் கைவைப்பதையே நாம் விலைக் கட்டுப்பாடு என்று அழைத்து வருகிறோம். கிடங்கு, குளிர்பதனம், போக்குவரத்து, போட்டியுள்ள மண்டி ஆகியவற்றுக்குக் காலமும் பணமும் வேண்டும். ஏற்றுமதித் தடைக்கு ஓர் அறிவிக்கை போதும்.

2024 பிப்ரவரி முதல் ஓராண்டுக்கும் மேலாக ஷம்பு, கனோரி எல்லைகளில் அமர்ந்திருந்த விவசாயிகள் குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கேட்டனர். அதன் நடைமுறைச் சிக்கல்களைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அரசிடம் விலைக்கு விற்பவர்கள் விவசாயிகளில் 6% மட்டுமே என்று 2015-இல் சாந்தகுமார் குழு கூறியது. எஞ்சிய 94% பேருக்கு ஆதரவு விலையைவிட, அரசு தங்கள் விலையை இறக்காமல் இருப்பது உடனடித் தேவை. ஜோஷி இன்று இருந்தால் இதைத்தான் முதலில் கேட்டிருப்பார் என்று எண்ணுகிறேன்.

சில ஏற்பாடுகள் இன்றே சாத்தியம். விதைப்புக்கு முன் அறிவித்த ஏற்றுமதி விதியை அப்பருவம் முடியும் வரை மாற்றக் கூடாது. தவிர்க்க முடியாத நெருக்கடியில் மாற்றினால், நுகர்வோருக்காக விவசாயி தாங்கும் இழப்பை அரசு ஈடு செய்ய வேண்டும்; நெடுஞ்சாலைக்கு நிலம் எடுத்தால் இழப்பீடு தருகிறோம் அல்லவா? உர மானியத்தைப் பட்ஜெட்டில் காட்டுவது போல, தடைகளாலும் இருப்பு வரம்புகளாலும் விவசாயியிடமிருந்து பெயர்ந்த தொகையையும் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். ஜோஷி விட்டுவிட்ட பாதியையும் சேர்க்க வேண்டும். கிராமப்புற வேலையும் கூலியும் உயராமல், 3,798 ரூபாயை எவ்வளவு உயர்த்தினாலும் அந்தக் குடும்பம் நிமிராது. நிலத்தில் பெண்ணின் பெயர் ஏறாமல் 'விவசாயி' என்ற சொல்லும் முழுமை பெறாது.

ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டுகள் வரை நான் தயாரித்த வினாத்தாள்களில் ஒரு வினா தவறாமல் இருந்தது: 'வேளாண் விளைபொருள்களின் விலை உயர்வு பணவீக்கத்தை எவ்வாறு தூண்டுகிறது? விளக்குக.' மாணவர்கள் நன்றாகவே எழுதினர். அவர்களில் பலர் விவசாயி வீட்டுப் பிள்ளைகள். விலை வீழ்ச்சி அவர்கள் வீட்டில் எதைத் தூண்டியது என்று ஒருமுறையும் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால், கல்லூரிக் கட்டணம் கட்டத் தாமதமான ஆண்டுகளுக்கான விளக்கம் அந்த விடைத்தாள்களில் இருந்திருக்கும். இன்று அந்த வகுப்பறைகளில் நிற்பவர்களாவது இரண்டாவது வினாவையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).